கோடையில் நிற்கும் சுவர் மாரியில் விழுவது ஏன்? நிலக்கரிச் சுரங்கமும் நம் கிறவல் குழியும்

மட்டக்களப்பின் செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மேற்கே போகப் போக மண்ணின் நிறம் மாறும். கரையோர வெள்ளை மணல் முடிந்து, வயல் களி முடிந்து, கல்லும் களியும் கலந்த சிவந்த கிறவல் தரை தொடங்கும். வீதிக்கும் அத்திவாரத்துக்கும் மண் எடுக்கிற குழிகள் அந்தத் தரையில்தான் இருக்கின்றன. ஆவணி மாதம் பார்த்தால் பெக்கோ வெட்டிய சுவர் தொதல் துண்டு போட்டதுபோல நேராக நிற்கும். நாலு மீற்றர் உயரம் இருந்தாலும் ஒரு பொடிக்கல் உதிராது. அதே சுவர் கார்த்திகைக் கடைசியில் குழிக்குள் கிடக்கும். கேட்டால் 'மழை கரைச்சுப் போட்டுது' என்பார்கள். உண்மையில் மழை கரைப்பது மிகக் கொஞ்சம். சுவரை அதுவரை பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை மழை எடுத்துவிடுகிறது. அதன் பிறகு சுவர் தன் எடையாலேயே விழுகிறது.

இந்தக் கணக்கை நெடுங்காலமாக, பெருஞ்செலவில் போட்டுப் பார்த்தவர்களில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிவது இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்த கரி. ஆனால் அந்தக் கரியை எடுக்க 100 மீற்றர், 200 மீற்றர் ஆழம் தோண்டுகிறவர்கள் கற்றுக்கொண்டது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் நாலு மீற்றர் குழிக்கும் பொருந்தும். அளவு வேறு, பொறிமுறை ஒன்று.

பொலி, மணல்வீடு, சுவர்

களவெட்டியில் நெல்லைக் கொட்டினால் பொலி ஒரு கோணத்துக்கு மேல் செங்குத்தாகாது. மேலும் கொட்டினால் பக்கத்தால் வழிந்து அடி அகலும், அவ்வளவுதான். உலர்ந்த மணலும் அப்படியே, 30 முதல் 35 பாகையில் நின்றுவிடும். மணியோடு மணி உரசும் உராய்வு ஒன்றே அதைத் தாங்குகிறது; அதனால் அந்தக் கோணத்தை உராய்வுக் கோணம் என்பார்கள். உராய்வால் மட்டும் நிற்கிற குவியலுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீற்றருக்கும் நூறு மீற்றருக்கும் அதே கோணம்தான்.

கிறவலில் உராய்வோடு இரண்டாவது ஒன்றும் வேலை செய்கிறது. அதைப் பிடிப்பு என்று சொல்வோம். கல்லுக்கு இடையில் உள்ள களியும், இரும்புக் கறையாகப் படிந்து இறுகிய பசையும் துகளைத் துகளோடு சேர்த்து வைக்கின்றன. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கோடையில் அதன் பங்கு பெரியது. கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காய்ந்த மணலில் வீடு நிற்காது, ஈர மணலில் நிற்கும், அலை வந்து தொட்டதும் இடியும். ஈர மணலில் துகள்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் துகள்களை ஒன்றையொன்று இழுத்து வைத்திருக்கிறது. இடைவெளி முழுக்க நீர் நிரம்பிய கணத்தில் அந்தப் படலமும் இல்லை, இழுவையும் இல்லை. மணலைவிட நுண்ணிய களி கலந்த கிறவலில் இந்த இழுவை பல மடங்கு. கச்சான் காற்று மாதக்கணக்கில் உலர்த்திய சுவரில் அது உச்சத்தில் இருக்கும்.

பிடிப்பு உள்ள மண் செங்குத்தாக நிற்கும், ஆனால் ஓர் உயரம் வரைதான். உயரம் கூடக்கூட எடை கூடுகிறது, பிடிப்பு கூடுவதில்லை. எண்ணில் பார்ப்போம். உலர்ந்த கிறவலின் பிடிப்பு 15 கிலோபஸ்கால் (சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன்), உராய்வுக் கோணம் 30 பாகை, ஒரு கன மீற்றர் எடை 1.8 தொன் என்று வைத்துக்கொண்டால், வெடிப்பில்லாத செங்குத்துச் சுவர் கணக்குப்படி 5.8 மீற்றர் வரை நிற்கும். மேலே வெடிப்பு விட்டிருந்தால் 3.8 மீற்றர். இப்போது மழை ஊறிப் பிடிப்பு 5 கிலோபஸ்காலாகக் குறையட்டும். வேறெதுவும் மாறவில்லை. நிற்கக்கூடிய உயரம் 1.9 மீற்றர், வெடிப்போடு 1.3 மீற்றர். ஆவணியில் நாலு மீற்றர் சுவரை எந்தப் பயமும் இல்லாமல் வெட்டியவர் தவறாகப் பார்க்கவில்லை. அன்று அது நின்றதுதான். அவர் வெட்டிய உயரம் மாரிக்குரியது அல்ல, அதுதான் பிழை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டுகிறது. எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மீதி நாலு மாதம் தெரியாது.

நனைந்து பாரம் கூடியதால் விழுந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. நீர் ஊறி எடை கூடுவது பத்து வீதம் அளவில். எடை கூடினால் உராய்வும் சேர்ந்தே கூடும். நீர் செய்யும் உண்மையான கெடுதல் மூன்று. முதலாவது, மேலே சொன்ன இழுவையை இல்லாமல் ஆக்குவது. இரண்டாவது, துகள்களுக்கு இடையில் அடைபட்ட நீர் அமுக்கத்தோடு துகள்களை விலக்கி, ஒன்றின்மேல் ஒன்று அழுந்துவதைக் குறைப்பது. அழுந்தல் குறைந்தால் உராய்வு குறையும். நீரோட்டம் சரிவுக்கு இணையாக வழிகிற மணற்சரிவில் பாதுகாப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது. உலர்ந்தபோது 32 பாகையில் நின்ற மணல், அந்த நிலையில் 17 பாகைக்கு மேல் நிற்காது.

மூன்றாவதுதான் குழிச்சுவருக்கு எமன். விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் பின்னால், விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு விடும். முதலில் மயிரளவு, பிறகு விரல் நுழையும் அளவு. அதற்குள் மழைநீர் நிரம்பினால் அது சுவரை வெளிப்பக்கம் தள்ளும். மூன்று மீற்றர் ஆழ வெடிப்பு நிரம்பினால் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் தள்ளும் விசை 4.5 தொன். ஆழம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு: ஆறு மீற்றர் வெடிப்புக்கு 18 தொன். வெடிப்பின் அகலம் கணக்கில் வரவே வராது. விரலளவு வெடிப்பில் நிற்கும் ஒரு வாளித் தண்ணீரும் குளத்தளவு தண்ணீரும் ஒரே ஆழத்தில் ஒரே அளவுதான் தள்ளும். 'சின்ன வெடிப்புத்தானே' என்ற பேச்சுக்கு இடமில்லாதது இதனால்தான்.

நிலக்கரி ஏன் தொல்லை கூடியது

நிலக்கரி பாய் அடுக்கினதுபோல அடுக்கடுக்கான படிவுப் பாறைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மணற்கல், சேற்றுக்கல், கரி, மீண்டும் சேற்றுக்கல். இடையிடையே விரல் கனத்தில் களிப்பட்டை ஓடும். சுற்றியுள்ள பாறை எவ்வளவு பலமாக இருந்தாலும் சுவரின் விதியை அந்த விரல் கனம் எழுதுகிறது. ஏற்கெனவே வழுக்கித் தேய்ந்த களிப்பட்டையின் உராய்வுக் கோணம் 10 பாகைக்கு இறங்கலாம். அடுக்குகள் குழியை நோக்கி 12 பாகை சாய்ந்திருந்தால் கணக்கை அங்கேயே முடித்துவிடலாம்: தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தால் 0.83. ஒன்றுக்குக் கீழே என்றால் விழுந்தாக வேண்டும். சாய்வு 8 பாகைதான் என்றால் 1.25, நிற்கும். ஆனால் அதே பட்டையில் நீரமுக்கம் ஏறி அழுந்தலில் 30 வீதத்தைத் தின்றுவிட்டால் 0.88. எட்டுப் பாகை என்பது ஏழு மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம். அந்த இறக்கத்தில் சைக்கிளைக் காலூன்றி நிறுத்திவிடலாம். மலையோ வழுக்கிப் போய்விடும்.

இந்த வகுத்தல் எண்ணுக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். சுரங்கத்தில் ஒரு தனிப் படிக்கு 1.1 போதும் என்று விடுவார்கள். முழுச் சுவருக்கு 1.2 முதல் 1.5 வரை கேட்பார்கள். அதைவிடக் கூட்டிக் கேட்காததற்குக் காரணம் காசு. நூறு மீற்றர் ஆழம், ஒரு கிலோமீற்றர் நீளமான சுவரை 40 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சாய்க்க ஏறக்குறைய 12 இலட்சம் கன மீற்றர் வெறும் பாறையைக் கூடுதலாக அள்ள வேண்டும். அதில் ஒரு கூடை கரியும் இல்லை. ஆகவே திறந்தவெளிச் சுரங்கம் எதுவும் விழவே முடியாத சுவரோடு கட்டப்படுவதில்லை. விழுந்தால் எங்கே விழும், அப்போது அங்கே யார் நிற்பார் என்பதுதான் உண்மையான திட்டம். 10, 15 மீற்றருக்கு ஒரு படி வெட்டி, படிக்குப் படி தட்டு விடுவது அழகுக்கு அல்ல. மேலிருந்து உருளும் கல்லை அந்தத் தட்டு பிடித்துக்கொள்ளும்.

கோணத்தைக் குறைப்பதைவிட நீரை இறக்குவது மலிவு என்பதையும் அவர்கள் இந்தக் கணக்கிலிருந்தே கண்டுகொண்டார்கள். சுவருக்குள் சற்று மேல்நோக்கிய சாய்வில் நீளத் துளையிட்டு, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயைச் செருகிவிட்டால் நீர் தானாக வடிந்துகொண்டிருக்கும். பம்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சேற்றால் அடைபட்டதா என்று அடிக்கடி பார்க்க மட்டும் ஆள் வேண்டும். அடைபட்ட குழாயை நம்பி நிற்பது குழாயே இல்லாமல் நிற்பதைவிடக் கெட்டது.

பழுப்பு நிலக்கரியில் இன்னொரு விசித்திரம். அதன் அடர்த்தி நீரைவிடக் கொஞ்சமே கூட, 1.1 அளவில். கருங்கல் சுவருக்கு அதன் எடையே காவல்; இந்தக் கரிக்கு அந்தக் காவல் இல்லை. பின்னால் வெடிப்பில் 60 மீற்றர் உயரத்துக்கு நீர் ஏறினால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 1,800 தொன் தள்ளுகிறது. அடியில் புகுந்த நீர் கீழிருந்து தூக்கவும் செய்கிறது. பாதி மிதக்கிற கட்டி களியின்மேல் வழுக்குகிறது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் யலோர்ன் சுரங்கத்தில் 2007 நவம்பர் 14ஆம் திகதி நடந்தது இந்த வகைச் சரிவு. சுவர் போனதோடு அருகே ஓடிய லற்றோப் ஆறு சுரங்கத்துக்குள் திரும்பிக் கொட்டியது. உயிரிழப்பு இல்லை.

தமிழர்களுக்குத் தெரிந்த நெய்வேலியில் பிரச்சினை அடியிலிருந்து வருகிறது. 1957 இல் நேரு தொடங்கிவைத்த அந்தச் சுரங்கத்தில், பழுப்புக் கரிக்குக் கீழே உள்ள மணலடுக்கில் நீர் அமுக்கத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரம்தான் அதை மூடி. பாரத்தை அள்ளி எடுத்துவிட்டால் தரையே மேலெழுந்து பீறிடும். உதாரணத்துக்கு, குழித்தரைக்கும் அந்த நீரடுக்குக்கும் இடையில் ஆறு மீற்றர் களி மிஞ்சியிருக்கிறது என்போம். களியின் பாரம் 120 கிலோபஸ்கால். நீர், அடுக்கின் மேல்மட்டத்திலிருந்து 15 மீற்றர் ஏறக்கூடிய அமுக்கத்தில் இருந்தால் 147 கிலோபஸ்கால். தரை தோற்கும். நீரை 10 மீற்றருக்கு இறக்கினால் 98, தரை நிற்கும். அதனால்தான் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீர் இறைக்கிறார்கள். இறைப்பு நின்றால் சுரங்கமும் நின்றது.

கொட்டிய மண்

சுவரைப் போலவே கொட்டிய மண்ணும் பலரைக் கொன்றிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் அபர்பான் கிராமத்தில் 1966 ஒக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவுக் குவியல் இறங்கிப் பாடசாலையை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அவர்களில் 116 பேர் பிள்ளைகள். ஏழாம் இலக்கக் குவியல் என்று அழைக்கப்பட்ட அதை மலைச்சரிவில், ஓர் ஊற்றின்மேல் கொட்டியிருந்தார்கள். ஊற்று ஊர் வரைபடத்தில் இருந்தது. கொட்டியவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஜார்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று கொட்டிய மண் இறங்கி 23 பேர் போனார்கள். உள்மங்கோலியாவில் 2023 பெப்ரவரி 22 அன்று சரிந்தது திறந்தவெளிச் சுரங்கச் சுவர்; அதில் 53 பேர்.

கொட்டிய மண் தன் கோணத்தில், 35 முதல் 38 பாகையில் நிற்கும். அதாவது பாதுகாப்புக் காரணி ஏறக்குறைய ஒன்று. கையிருப்பு எதுவும் இல்லாத நிலை. கீழே தரை ஈரமாக, களியாக, சாய்வாக இருந்தால் குவியல் அடியோடு நகரும். நம் கிறவல் குழிகளில் இதற்கு ஒரு சிறு வடிவம் உண்டு. மேல்மண்ணை வழித்து எங்கே போடுவது என்று யோசிக்காமல் விளிம்பிலேயே குவிப்பார்கள். இரண்டு மீற்றர் உயரக் குவியல் சுவரின் தலையில் சதுர மீற்றருக்கு மூன்று தொன்னுக்கு மேல் ஏற்றுகிறது. போதாததற்கு அது மழைநீரைத் தேக்கி வெடிப்புக்குள் விடுகிறது. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளிக் குவிக்க வேண்டும். மண் ஏற்றிய டிப்பருக்கும் இதே தூரம். சும்மா நிற்கும் பாரத்தைவிட ஆடி ஆடி வரும் பாரம் கெட்டது.

வெடிப்பு அளத்தல்

பெரிய சுவர் திடீரென்று விழுவது குறைவு. கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் ஊர்ந்து, வேகம் கூடி, பிறகு விழும். பெரிய சுரங்கங்களில் எதிர்ச்சுவரிலிருந்து ரேடார் இரவு பகலாக வருடிக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நகர்வை அது பிடிக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கன்யன் சுரங்கம் (அது செம்புச் சுரங்கம், கரி அல்ல) 2013 ஏப்ரல் 10 இரவு சரிந்தபோது பத்துக் கோடி தொன்னுக்கு மேற்பட்ட பாறை இறங்கியது. டிரக்குகளும் அகழ்வு இயந்திரங்களும் புதைந்தன. ஒருவருக்கும் காயமில்லை. நகர்வை மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள்.

விழும் நாளைக் கணிக்க ஓர் எளிய வழியை 1985 இல் ஜப்பானியரான புகுசோனோ வெளியிட்டார். வேகத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்பதுதான் அது. ஒரு வெடிப்பு முதல் நாள் 5 மில்லிமீற்றர் விரிகிறது, இரண்டாம் நாள் 6.7, மூன்றாம் நாள் 10, நாலாம் நாள் 20. இந்த எண்களைப் பார்த்தால் 'கூடுகிறது' என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது. ஒன்றை இவற்றால் வகுங்கள்: 0.20, 0.15, 0.10, 0.05. நாளுக்கு 0.05 இறங்குகிறது. பூச்சியத்தைத் தொடுவது ஐந்தாம் நாள். அன்று சுவர் விழும், அல்லது அதற்குச் சற்று முன். ஊர்ந்து விழும் மண்ணுக்கும் பெருஞ்சுவருக்கும் இது நன்றாகப் பொருந்தும். கல்லொன்று படக்கென்று கழன்று விழுவதற்கு எந்த முறையும் இல்லை.

இதற்கு ரேடார் வேண்டியதில்லை. வெடிப்பின் இருபுறமும் அரை மீற்றர் ஆழத்தில் இரண்டு முளை அடித்து, தலையில் ஒவ்வோர் ஆணி அறைந்து, இரண்டு ஆணிக்கும் இடையே உள்ள தூரத்தை இரும்பு நாடாவால் தினம் ஒரே நேரத்தில் அளந்து, கொப்பியில் எழுதினால் போதும். மழை நாளில் காலையும் மாலையும். வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்துப் பட்டை பூசிவிடுவதும் உண்டு. அது உடைந்தால் நகர்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதைவிட முளைதான் நல்லது. வெளி முளை கீழே இறங்குகிறதா என்பதையும் ஒரு மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். அகலம் கூடாமலே ஒரு பக்கம் தாழ்ந்தால் அடியில் வழுக்கு ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று பொருள்.

வேறு அறிகுறிகளும் இருக்கின்றன. வரண்ட சுவரில் புதிதாக ஈரக்கோடு தோன்றுவது, தெளிவாக வடிந்த நீர் கலங்குவது, அடியில் மண் வயிறு தள்ளுவது, விளிம்பில் நின்ற மரம் குழிப்பக்கம் சாய்வது, காரணமில்லாமல் பொடிக்கல் விட்டு விட்டு உதிர்வது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நின்று பார்க்கக் கூடாது. ஓட வேண்டும், அதுவும் பக்கவாட்டில், சுவருக்கு நேர் எதிரே அல்ல.

குழியில் வேலை

கிறவல் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். பத்திரம் எல்லையைக் காட்டும், சுவரைத் தாங்காது. ஆகவே தரையில் நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

முதல் வேலை, மண் அள்ளுவதற்கு முன்பே, மேலே ஒரு கான். விளிம்பிலிருந்து மூன்று நாலு மீற்றர் பின்னால், மேட்டுப்பக்கத்தில், முழங்கால் ஆழத்தில் வெட்டி, வரும் மழைநீரைக் குழியைச் சுற்றித் திருப்பி விடுவது. கான் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் அதுவே வெடிப்புக்கு நீரூட்டும். வெடிப்புத் தெரிந்தால் களி திணித்து, மேலே மேடாக மிதித்து மூடுங்கள். மணலோ கிறவலோ போட்டு மூடினால் நீருக்கு வடிகட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

சுவரின் உயரம் இயந்திரத்தின் வாளி எட்டும் உயரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மேற்பகுதியை எடுக்க முடியாது. அடியைத் தோண்டி மேலதை விழவைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. நேரமும் டீசலும் மிச்சம் என்பார்கள். அடியைத் தோண்டும்போது சுவரைத் தாங்கும் பகுதியையே எடுக்கிறோம், விழும் நேரத்தை மண்ணே தீர்மானிக்கிறது. பெக்கோ நிற்கும் திசையும் முக்கியம். சங்கிலிச் சில்லு சுவருக்கு நேராகப் பார்த்திருந்தால் ஒரே அசைவில் பின்னால் வரலாம். சுவருக்கு இணையாக நின்றால் திரும்புவதற்குள் மண் வந்துவிடும்.

நாலு மீற்றர் குழியை இரண்டு படியாக வெட்டலாம். ஒவ்வொரு படியும் இரண்டு மீற்றர் உயரம், முகம் ஒரு மீற்றர் பின்சாய்வு, நடுவில் இரண்டு மீற்றர் தட்டு. இப்படி வெட்டினால் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 8 கன மீற்றர், அதாவது 2.8 கியூப் மண் உள்ளே நின்றுவிடும். 50 மீற்றர் சுவருக்கு 140 கியூப். காணிக்காரருக்கு இது கசக்கும், கசக்காது என்று சொல்வதில் பயனில்லை. ஆனால் அந்த மண் போய்விடவில்லை. வேலை பின்னோக்கி நகர நகர அது கைக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லைச் சுவரில் மட்டும்தான் நிரந்தரமாக நிற்கும்.

மழை விட்ட மறுநாள் வெயில் எறித்ததும் வேலை தொடங்குவது வழக்கம். நீர் மண்ணுக்குள் இறங்க நேரம் எடுக்கும். மேலே காய்ந்திருக்கும்போது உள்ளே நீரமுக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். அடைமழைக்குப் பிறகு முளை அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே அடியில் ஆள் இறங்க வேண்டும். மதிய வெயிலில் குழிக்குள் நிழல் இருப்பது சுவரின் அடியில் மட்டும்; சோற்றுப் பார்சலோடு அங்கே போய் உட்காருவார்கள். தறப்பாள் ஒன்றை நாலு கம்பில் வெளியே கட்டிக்கொடுப்பது அந்தக் குழியில் செய்யும் செலவுகளிலேயே குறைந்தது.

ஒருவர் மேல் மண் விழுந்துவிட்டால்: அரைக் கன மீற்றர் என்பது 900 கிலோ. மார்பு வரை புதைந்தவரால் மூச்சை வெளியே விட முடியும், ஒவ்வொரு மூச்சுக்கும் மண் இறுகுவதால் உள்ளே இழுக்க முடியாது. முதலில் முகமும் மார்பும், கையால். வாளியால் தோண்டக்கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. ஒருவர் மேலே நின்று சுவரை மட்டும் பார்க்க வேண்டும். முதல் சரிவு செங்குத்தான, சில வேளை முன்தள்ளிய புதுச் சுவரை விட்டுச் செல்கிறது. தூக்கப் போனவர்களைப் பிடிப்பது இரண்டாம் சரிவு.

அம்பாறைப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. விஜயன் தொகுதி எனப்படும் பழம் படிகப் பாறை அது. குடும்பிமலை செங்குத்தாக நிற்பதைப் பார்த்தாலே அதன் பலம் விளங்கும். அங்கே பாறை உடைவதில்லை, ஏற்கெனவே உள்ள பொருக்குகளும் பிளவுகளும் கழல்கின்றன. இரண்டு பிளவுகள் சந்தித்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியிருந்தால், சந்திக்கும் கோடு குழிப்பக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. வெடி வைத்த பிறகு தொங்கும் கற்களை நீளக் கடப்பாரையால், மேலிருந்து, பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு இறக்கிய பிறகே கீழே லொறி வர வேண்டும்.

தண்ணீர் நிரம்பிய குழி

கைவிட்ட கிறவல் குழி மாரியில் குளமாகிவிடும். நிரம்பிய குழியின் சுவர் ஓரளவு நிற்கும். வெளியே உள்ள நீர் சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆபத்து நீரை இறக்கும்போது. முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டியதும் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மண்வெட்டியால் ஒரு கான் அளவில் திறப்பார்கள், சில மணி நேரத்தில் இருபக்கமும் மணல் துண்டு துண்டாக இடிந்து வாய் அகலும். ஓட்டம் அடியை அரிப்பது ஒரு காரணம். நீர்மட்டம் இறங்கிய வேகத்துக்குக் கரைக்குள் ஊறிய நீர் வெளியேற முடியாமல் உள்ளே அமுக்கத்தோடு நிற்பது இன்னொரு காரணம்.

சித்திரை, வைகாசியில் மிளகாய்த் தோட்டத்துக்கு நீர்ப்பம்பி வைத்து இந்தக் குழிகளை இறைக்கும்போது நடப்பதும் அதுதான். மணலில் நீர் உடனே வடிந்துவிடும். களி கலந்த கிறவலில் வடிய நாள்கள் எடுக்கும். நாளுக்கு ஓர் அடிக்கு மேல் மட்டத்தை இறக்காமல் இருப்பது பொதுவாகப் போதும். பம்பியை விளிம்பில் வைக்காமல் நீளக் குழாயோடு பின்னால் வைப்பது நல்லது. அதன் அதிர்வும் அதைப் பார்க்க வருபவரின் எடையும் விழப்போகும் துண்டின்மேல்தான் இருக்கும்.

மாடும் பிள்ளைகளும் இறங்கி ஏறக்கூடிய கரை வேண்டுமென்றால் ஒரு மீற்றர் ஆழத்துக்கு மூன்று மீற்றர் சாய்வு வேண்டும். ஐந்து மீற்றர் குழிக்கு அது 15 மீற்றர். குழியை எல்லைக்கல் வரை வெட்டி முடித்த பிறகு அந்த 15 மீற்றரைப் பக்கத்துக் காணிக்குள் தேட முடியாது. எனவே கடைசிச் சரிவுக்கான கோட்டை முதல் நாளே எல்லையிலிருந்து உள்ளே அளந்து, முளை அடித்து, பெக்கோக்காரருக்குக் காட்டிவிட வேண்டும்.